கோடையில் எங்கே போவது: நீர்ப் பூங்காவுக்கா, சவாரிப் பூங்காவுக்கா, இரண்டும் கலந்த பூங்காவுக்கா?

கோடை விடுமுறை தொடங்கியதும் ஒரு நாள் எல்லோருமாகப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய்வரலாம் என்ற பேச்சு எழுகிறது. எந்தப் பூங்காவில் எத்தனை சவாரிகள் இருக்கின்றன, நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்ததும் பெரும்பாலும் அந்தப் பேச்சு முடிந்து டிக்கெட்டும் வாங்கியாகிவிடுகிறது. குளிர்ந்த மாதங்களில் அந்த இரண்டு கேள்விகளே போதும். வெயில் காலத்தில் அவை போதா. ஏனென்றால் பூங்காவில் கழியும் பகலின் பெரும்பகுதி சவாரியில் கழிவதில்லை. வரிசையில் நிற்பதிலும், ஒரு சவாரியிலிருந்து இன்னொரு சவாரிக்கு நடப்பதிலும், உட்கார இடம் தேடுவதிலும்தான் கழிகிறது. இரண்டு நிமிடச் சவாரிக்காக அரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும்போது, அந்த அரை மணி நேரம் வெயிலில் கழிகிறதா, நிழலில் கழிகிறதா, தண்ணீரில் கழிகிறதா என்பதே அந்த நாள் இனிக்குமா கசக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. கோடையில் பூங்காவைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இந்த ஒப்பீடும் அந்தக் கேள்வியை ஒட்டியே செல்கிறது.

பெரும்பாலான நகரங்களில் நம் முன் இருக்கும் வாய்ப்புகள் நான்கு. சறுக்குகளும் அலைக்குளமும் கொண்ட நீர்ப் பூங்கா ஒன்று. ரோலர் கோஸ்டர், ராட்டினம், ஊஞ்சல் கப்பல் முதலியவை கொண்ட சவாரிப் பூங்கா மற்றொன்று. ஒரே வளாகத்தில் இரண்டு பகுதிகளையும் வைத்திருக்கும் கலப்புப் பூங்கா மூன்றாவது. முழுவதும் கூரைக்கு அடியில், குளிரூட்டப்பட்ட கட்டடத்துக்குள் இயங்கும் உள்ளரங்கப் பூங்கா நான்காவது. நீர்ப் பூங்கா தனி வகையாக வளர்ந்து மிக நீண்ட காலம் ஆகிவிடவில்லை. அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் 1977-இல் ஜார்ஜ் மில்லே தொடங்கிய வெட் அண்ட் வைல்டைத்தான் இன்றைய நீர்ப் பூங்காக்களின் முன்னோடி என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதற்குப் பிந்தைய சில பத்தாண்டுகளுக்குள் கோடை என்றாலே நீர்ப் பூங்காதான் என்ற எண்ணம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை முதலில் பார்க்கலாம்.

தண்ணீர் தரும் குளிர்ச்சியும் அது மறைக்கும் வெயிலும்

வெப்பத்தைப் பொறுத்தவரை நீர்ப் பூங்காவுக்கு இருக்கும் அனுகூலம் உண்மையானது; வெறும் மனநிறைவு அல்ல. காற்றைவிட நீர் 20 மடங்குக்கும் மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், உடலைவிடக் குளிர்ந்த நீரில் இறங்கியவுடன் உடல் வெப்பம் வேகமாக வெளியேறுகிறது. கரையேறிய பிறகும் அந்தப் பயன் தொடர்கிறது. தோலில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு கிராம் நீரும் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. வியர்வை செய்கிற வேலையும் இதுவே. ஆனால் வியர்ப்பதற்கு உடல் தன் சொந்த நீரையே செலவிட வேண்டும். நனைந்த உடலுக்கு அந்த நீர் வெளியிலிருந்தே கிடைத்துவிடுகிறது. ஆகவே சறுக்கின் படிக்கட்டில் நனைந்த உடையோடு நிற்பவரும், ரோலர் கோஸ்டர் வரிசையில் உலர்ந்த உடையோடு நிற்பவரும் ஒரே வெயிலில் நின்றாலும் இருவருடைய உடல்களும் ஒரே அளவு உழைப்பதில்லை. காற்றில் ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் நனைந்த உடலிலிருந்தும் நீர் மெதுவாகவே ஆவியாகும் என்பதால் கரையில் கிடைக்கும் இந்தப் பயன் குறையும். நீருக்குள் கிடைக்கும் குளிர்ச்சி மட்டும் மாறாது.

இந்தக் குளிர்ச்சிக்குள் ஒரு வஞ்சனையும் இருக்கிறது. உடல் குளிர்ந்திருப்பதால் வெயில் சுடுவது தெரிவதில்லை, தாகமும் உறைப்பதில்லை, வியர்வை நீரோடு கலந்துவிடுவதால் கண்ணுக்குப் படுவதில்லை. ஆனால் தோலைச் சுடுவது புற ஊதாக் கதிர்களே அன்றி வெப்பம் அல்ல. அரை மீட்டர் ஆழ நீருக்கு அடியிலும் மேற்பரப்பில் இருக்கும் புற ஊதாக் கதிர்களில் 40 விழுக்காடு எட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது கழுத்தளவு நீரில் நிற்பதை நிழலில் நிற்பதாக எண்ணிக்கொள்ள முடியாது. சவாரிப் பூங்காவில் வெயில் தாங்க முடியாமல் மனிதர்கள் தாமாகவே நிழலுக்கு ஒதுங்கிவிடுகிறார்கள். நீர்ப் பூங்காவிலோ மூன்று மணி நேரம் கடந்தும் அலைக்குளத்தை விட்டு வெளியே வருவதில்லை. மாலையில் தோள்களும் மூக்கும் காதின் மேல் விளிம்பும் சிவந்து எரிவது நீர்ப் பூங்காவுக்குப் போய்வந்தவர்களிடத்தில்தான் அதிகம்.

நாளின் மொத்தப் புற ஊதாக் கதிர்வீச்சில் ஏறத்தாழ 60 விழுக்காடு காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில்தான் விழுகிறது. கடிகாரத்தைப் பார்க்காமலேயே இதைக் கண்டுகொள்ள எளிய வழி ஒன்று உண்டு: தரையில் விழும் நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர்வீச்சு வலுவாக இருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் நீரில் இருப்பதானால் கையும் கழுத்தும் மூடிய நீச்சல் மேலாடையே நம்பகமானது. நீர்ப் புகாத சன்ஸ்கிரீன் என்று விற்கப்படுபவைகூட நீரில் 40 அல்லது 80 நிமிடங்கள் வரைதான் தாங்கும். அதன் பிறகு துடைத்துவிட்டு மீண்டும் பூச வேண்டும். பருத்திச் சட்டை நனைந்தால் கதிர்களைத் தடுக்கும் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. பருத்தி உடையைப் பல நீர்ப் பூங்காக்கள் தடை செய்வதற்குக் காரணம் வேறு: அது நீரை உறிஞ்சிக் கனத்துவிடுகிறது, நூல்கள் பிரிந்து வடிகட்டிகளை அடைத்துக்கொள்கின்றன. ஜீன்ஸ் போன்ற உடைகளின் உலோகப் பொத்தான்களும் ஜிப்புகளும் கண்ணாடியிழைச் சறுக்கைக் கீறிவிடும்.

வரிசை என்னும் கணக்கு

இந்த ஒப்பீட்டின் நடுப்பகுதி இதுவென்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு சவாரியின் வரிசை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைக் கூட்டத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அந்தச் சவாரி மணிக்கு எத்தனை பேரை ஏற்றி இறக்குகிறது என்பதும் தெரிய வேண்டும். 24 பேர் அமரும் ரோலர் கோஸ்டர் வண்டி இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாகப் புறப்பட்டால் மணிக்கு 720 பேர் ஏறலாம். நமக்கு முன்னால் 180 பேர் நின்றாலும் கால் மணி நேரத்தில் நம் முறை வந்துவிடும். அதே தடத்தில் இரண்டு வண்டிகளுக்குப் பதிலாக ஒன்றை மட்டும் ஓட்டினால் அதே வரிசைக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். இப்போது ஒருவர் பின் ஒருவராக இறங்கும் சறுக்கை எடுத்துக்கொள்வோம். முன்னால் போனவர் கீழே நீரைவிட்டு விலகினார் என்ற சைகை வந்த பிறகே அடுத்தவரை விடுவார்கள். முப்பது விநாடிக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டாலும் மணிக்கு 120 பேர்தான். படிக்கட்டில் நிற்பவர்கள் வெறும் அறுபது பேர் என்று நினைத்துச் சேர்ந்தால் அரை மணி நேரம் போய்விடும். அதுவும் பெரும்பாலும் கூரையில்லாத கோபுரத்தின் படிகளில், வெறுங்காலோடு, சில சமயம் மிதவையையும் சுமந்துகொண்டு நிற்க வேண்டும்.

ஆக, நீர்ப் பூங்காவில் வெயில் தெரியாது என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான். அலைக்குளம், மிதவை வளையத்தில் அமர்ந்து மெல்ல மிதந்து செல்லும் சுற்றோடை, நீர்த்தூவல்கள் நிறைந்த சிறுவர் குளம் ஆகியவை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்களை ஏற்றுக்கொள்கின்றன. அவற்றுக்கு வரிசையே இல்லை என்று சொல்லிவிடலாம். சறுக்குகள் அப்படியல்ல. ஒரு நீர்ப் பூங்காவின் விளம்பரத்தில் முப்பது சறுக்குகள் இருப்பதைவிட, ஒரு பெரிய அலைக்குளமும் நீளமான சுற்றோடையும் இருப்பதையே கோடையில் நான் மேலாக மதிப்பேன். கூட்டம் மிகுந்த நாளில் முப்பது சறுக்குகளில் ஐந்தில் இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்; குளமும் ஓடையும் எந்தக் கூட்டத்திலும் கைகொடுக்கும்.

சவாரிப் பூங்காவைப் பொறுத்தவரை, வரிசை நிற்கும் இடத்துக்கு மேல் கூரை இருக்கிறதா, மின்விசிறியோ நீர்ப்புகைத் தெளிப்பான்களோ உண்டா என்பதைப் போய்வந்தவர்களிடம் கேட்டுக்கொள்வது அவசியம். பூங்காவின் படங்களில் சவாரிகள் தெரியும், வரிசைகள் தெரியா. மரங்கள் முதிர்ந்து நிற்கும் பழைய பூங்கா, பளபளக்கும் புதிய பூங்காவைவிடக் கோடையில் இதமாக இருப்பதுண்டு. நேர் வெயிலில் கிடக்கும் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசையும் தாண்டக்கூடியது. அந்த வெப்பம் நடப்பவர்களின் முழங்காலுக்குக் கீழே அனலாக எழும். அந்த உயரத்தில்தான் குழந்தைகளின் தள்ளுவண்டி இருக்கிறது என்பதைப் பெரியவர்கள் பல சமயம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நீரின் தூய்மை

நீர்ப் பூங்காவைத் தேர்ந்தெடுப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியதும், பெரும்பாலும் கவனிக்காமல் விடுவதும் இதுவே. குளத்து நீரில் கட்டற்ற குளோரின், அதாவது எதனோடும் சேர்ந்து தீர்ந்துவிடாமல் கிருமியைக் கொல்ல மிஞ்சியிருக்கும் குளோரின், குறைந்தது 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பு 7.0-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தரும் அளவு. இந்த அளவில் பெரும்பாலான கிருமிகள் சில நிமிடங்களில் அழிந்துவிடுகின்றன. கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி மட்டும் இதற்கு விலக்கு. சரியாகக் குளோரின் இட்ட நீரிலும் அது ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் குளத்தில் இறக்கக் கூடாது என்று பூங்காக்கள் எழுதி வைத்திருப்பது வெறும் சடங்கு அல்ல. அந்த ஒரு குழந்தையால் அந்த வாரம் வருகிற அத்தனை குடும்பங்களுக்கும் நோய் பரவக்கூடும்.

கோடையில் குளோரினுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, கூட்டம்: வியர்வை, சன்ஸ்கிரீன், சிறுநீர் ஆகியவற்றோடு வினைபுரிந்தே குளோரின் தீர்ந்துபோகிறது. மற்றொன்று, வெயில்: பாதுகாப்புச் சேர்மம் எதுவும் சேர்க்கப்படாத திறந்த குளத்தில் குளோரினைச் சூரிய ஒளி சில மணி நேரத்துக்குள் பெருமளவு சிதைத்துவிடும். ஆகவே விடுமுறை நாள் ஒன்றின் பிற்பகலில்தான் குளத்து நீருக்கு மிகக் கடினமான சோதனை. நன்றாக நடத்தப்படும் பூங்காவில் பணியாளர்கள் பகலில் பல முறை நீரைச் சோதிப்பார்கள். சில பூங்காக்கள் அந்த அளவுகளைப் பலகையிலும் எழுதி வைக்கின்றன. பலகை இல்லாவிட்டாலும் பார்வையாளர்கள் தாமே செய்துகொள்ளக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. குளத்தின் கரையில் நின்று ஆழமான பகுதியின் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். தரையில் பதித்திருக்கும் வடிகால் மூடியின் கம்பிகள் தெளிவாகத் தெரிந்தால் இறங்கலாம். மூடி மங்கலாகவோ தெரியாமலோ இருந்தால், அந்த நீரில் கிருமி பற்றிய ஐயத்தோடு இன்னோர் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது: மூழ்கிய ஒருவர் அடியில் கிடந்தாலும் கரையில் இருக்கும் உயிர்காப்பாளருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட குளத்தில் கட்டணம் கட்டிவிட்டோமே என்பதற்காக இறங்க வேண்டியதில்லை.

மூக்கைத் துளைக்கும் குளோரின் நெடி வந்தால் நீர் நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டிருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். நிலைமை அதற்கு நேர்மாறானது. அந்த நெடி, குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உருவாகும் குளோரமின்களுடையது. கண் எரிச்சலுக்கும் இருமலுக்கும் பெரும்பாலும் இவையே காரணம். குளத்தில் இறங்குமுன் ஒரு நிமிடம் நன்றாகக் குளித்துவிட்டு இறங்குவது மற்றவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

யார் யார் வருகிறார்கள்?

சவாரிப் பூங்காவில் தேர்வைத் தீர்மானிப்பது வயது அல்ல, உயரம். பெரிய சவாரிகள் பலவற்றுக்கு 120 முதல் 140 சென்டிமீட்டர் வரை குறைந்தபட்ச உயரம் வைத்திருப்பார்கள். மடியையும் தோளையும் பிடிக்கும் தடுப்புக் கம்பி அதைவிடச் சிறிய உடலில் சரியாகப் பொருந்தாது என்பதே அதற்குக் காரணம். எனவே தடித்த அடிப்பாகம் கொண்ட காலணியைப் போட்டு அளவுகோலைத் தாண்டச் செய்வது குழந்தைக்குச் செய்யும் உதவி ஆகாது. புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே காலணி இல்லாமல் குழந்தைகளின் உயரத்தைச் சுவரில் குறித்து அளந்துகொண்டு, பூங்காவின் இணையதளத்தில் இருக்கும் உயரப் பட்டியலோடு ஒப்பிட்டால், கட்டும் பணத்துக்கு எத்தனை சவாரிகள் உண்மையில் கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். 110 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தைக்கு ஐம்பது சவாரிகள் உள்ள பூங்காவில் பன்னிரண்டு மட்டுமே கிடைக்கலாம். அண்ணன் ஏறி இறங்குவதை வெயிலில் நின்று வேடிக்கை பார்ப்பதுதான் அந்தக் குழந்தைக்கு மிஞ்சும் என்றால், அந்த ஆண்டு நீர்ப் பூங்காவே சரி.

பதின்ம வயதினருக்கு நிலைமை வேறு. ரோலர் கோஸ்டர் தரும் அனுபவத்தைச் சறுக்கு தருவதில்லை. வண்டி கவிழ்ந்துவிடுமோ என்று அஞ்சும் பெரியவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டியின் சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் மட்டும் ஓடுவதில்லை. பக்கவாட்டிலும் அடியிலும் தனித்தனிச் சக்கரங்கள் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. அடிச்சக்கரத்துக்கு ரோலர் கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் காப்புரிமை பெற்றது 1919-இல். அதன் பிறகுதான் செங்குத்தான இறக்கங்களையும் துணிந்து அமைக்க முடிந்தது. கருவுற்றிருப்பவர்கள், இதய நோயாளிகள், கழுத்து அல்லது முதுகுத் தண்டில் கோளாறு உள்ளவர்கள் இத்தகைய சவாரிகளைத் தவிர்க்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அதே விலக்கு வேகமான சறுக்குகளுக்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நீச்சல் தெரியாத குழந்தைகளோடு நீர்ப் பூங்காவுக்குப் போகும் பெற்றோருக்கு அந்த நாள் ஓய்வு நாள் அல்ல. அலைக்குளத்தை எடுத்துக்கொள்வோம். அலை இல்லாத நேரத்தில் முழங்கால் அளவு நீரில் நிற்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு, மணியடித்து அலை தொடங்கியதும் அதே இடத்தில் நீர் மார்புவரை ஏறி இறங்குகிறது. இறங்கும் நீர் காலை ஆழத்தின் பக்கம் இழுக்கிறது. அடுத்த அலை வருவதற்குள் குழந்தையால் எழுந்து நிற்க முடிவதில்லை. சுற்றிலும் நூறு பேர் கூச்சலிட்டு மகிழ்ந்துகொண்டிருக்கும்போது இது நடக்கும். மூழ்குபவர்கள் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. வாய் நீருக்கு மேல் வரும் கணத்தில் மூச்சு வாங்கவே நேரம் இருக்கும். எனவே நீச்சல் தெரியாத குழந்தை கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரியவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. காற்றடைத்த கைப்பட்டைகளும் மிதவை வளையங்களும் விளையாட்டுப் பொருள்களே. உடலோடு இறுகக் கட்டப்படும் லைஃப் ஜாக்கெட்டுக்கு அவை ஈடாகா. குழுவில் இரண்டு சிறு குழந்தைகள் இருந்து, நீரில் இறங்கக்கூடிய பெரியவர் ஒருவர் மட்டுமே இருந்தால், நீர்ப் பூங்காவை அந்த முறை தள்ளிவைப்பதே நல்லது.

இன்னொன்று: சிறு குழந்தைகளின் உடல் எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு மிகுதி என்பதால் அவர்கள் கொளுத்தும் வெயிலிலும் நீருக்குள் விரைவில் குளிர்ந்துவிடுவார்கள். உதடு நீலம் பாரித்தாலோ பல் தந்தியடித்தாலோ கரையேற்றித் துவட்டிச் சற்று உட்கார வைக்க வேண்டும்.

முதியவர்களுக்கு எது ஏற்றது என்பதில் பொது விதி சொல்ல முடியாது. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு நீர்ப் பூங்காவின் ஈரத் தரை ஆபத்து; சவாரிப் பூங்காவின் நீண்ட நடை சோர்வு. நிழலும் நாற்காலியும் காற்றோட்டமும் கொண்ட ஓரிடத்தில் அவர்களால் அமர்ந்திருக்க முடியுமா, அங்கிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க முடியுமா என்பதைப் பொறுத்தே முடிவெடுக்க வேண்டும்.

கலப்புப் பூங்காவின் உண்மையான மதிப்பு

இரண்டும் ஓரிடத்தில் இருப்பதால் கலப்புப் பூங்காவே சிறந்தது என்று தோன்றும். அது நாளை எப்படிப் பிரித்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. முதலில் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே டிக்கெட்டா, நீர்ப் பகுதிக்குத் தனிக் கட்டணமா, நீர்ப் பகுதி எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடப்படுகிறது என்பவற்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். சில பூங்காக்களில் நீர்ப் பகுதி முற்பகல் கடந்தே திறக்கும். மாலையில் முன்னதாகவே மூடிவிடும்.

நான் பரிந்துரைக்கும் வரிசைமுறை இது. வாசல் திறக்கும் நேரத்துக்கே போய், திறந்தவெளியில் இருக்கும் பெரிய சவாரிகளை முதல் இரண்டு மணி நேரத்தில் முடித்துக்கொள்ள வேண்டும். அப்போது இருக்கைகளும் தடுப்புக் கம்பிகளும் சூடேறியிருக்க மாட்டா, வரிசையும் குறைவு. வெயில் உச்சிக்கு வந்ததும் உணவையும் கூரைக்குள் நடக்கும் காட்சிகளையும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணிக்கு மேல் நீர்ப் பகுதிக்குப் போய் அது மூடும்வரை அங்கேயே இருக்கலாம். நீரிலிருந்து வெளியேறி மீண்டும் சவாரிக்கு, பிறகு மீண்டும் நீருக்கு என்று மாறிக்கொண்டே இருந்தால் உடை மாற்றும் அறையிலும் லாக்கர் முன்பும் நாள் கரைந்துவிடும். ஈர உடையோடு பல சவாரிகளில் ஏற்றவும் மாட்டார்கள். ஒரே ஒரு மாற்றம் என்ற ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடிந்தால் மட்டுமே கலப்புப் பூங்கா அதன் கூடுதல் கட்டணத்துக்குத் தகுதியானது. இந்த முறையில் ஒரு குறையும் உண்டு: பிற்பகலில் நீர்ப் பகுதியில் கூட்டம் அதிகம், நீரும் காலையில் இருந்ததுபோல் இராது. வடிகால் மூடியைப் பார்க்கும் சோதனை அப்போதுதான் மிகவும் தேவைப்படும்.

நீர்ப் பூங்கா மட்டும் என்றால் இந்த வரிசைமுறையை மாற்றிக்கொள்ள வேண்டும். காலையில் சறுக்குகள், உச்சியில் நிழலும் உணவும், பிறகு ஓடையும் அலைக்குளமும் என்பதே பொருத்தம். சவாரிப் பூங்கா மட்டும் என்றால், கோடையில் முழுநாள் டிக்கெட்டைவிட மாலை டிக்கெட் கிடைக்குமா என்று பார்ப்பதே அறிவுடைமை. இரவு வரை திறந்திருக்கும் பூங்காவில் நான்கு மணிக்கு மேல் நுழைந்து கழிக்கும் ஐந்து மணி நேரத்தில், பகல் முழுவதும் வாடி வதங்கி ஏறும் சவாரிகளைவிட அதிகமாக ஏறிவிட முடியும்.

உள்ளரங்கப் பூங்காவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயிலும் மழையும் அதைத் தொடுவதில்லை. கைக்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. இடம் சிறியது என்பதால் பெரிய சவாரிகள் குறைவு, பெரிய பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் அலுத்துவிடும். உள்ளரங்க நீர்ப் பூங்காவாக இருந்தால் குளோரமின் காற்றில் தேங்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் உள்ளே நுழைந்ததும் நெடி அடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

நாளும் டிக்கெட்டும்

எந்தப் பூங்காவைத் தேர்ந்தெடுத்தாலும், வார நாளா வார இறுதியா என்பது பூங்காவின் தரத்துக்கு இணையான வேறுபாட்டை உண்டாக்கும். சுமாரான பூங்காவில் செவ்வாய்க்கிழமை கிடைக்கும் இன்பம், சிறந்த பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை கிடைப்பதில்லை என்று தயங்காமல் சொல்வேன். விரைவு வரிசைக்கான கூடுதல் டிக்கெட் சவாரிப் பூங்காவில் வார இறுதியில் பயன்படும். குளத்துக்கும் ஓடைக்கும் வரிசையே இல்லாத நீர்ப் பூங்காவில் சறுக்குகளையே குறிவைத்துப் போகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது வீண். பருவ அட்டை வாங்க நினைப்பவர்கள், அதன் விலையை ஒரு நாள் டிக்கெட்டின் விலையால் வகுத்து, அத்தனை முறை வெயிலில் புறப்படும் மனம் உண்மையில் வருமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உடை வாடகை, லாக்கர், மிதவை, உணவு ஆகியவற்றையும் சேர்த்தால் நீர்ப் பூங்காவின் செலவு நுழைவுக் கட்டணத்தைவிடக் கணிசமாக உயர்ந்துவிடும்.

எங்கே போனாலும் தலைசுற்றல், குமட்டல், தலைவலி ஆகியவை தோன்றினால் அது வெப்பச் சோர்வாக இருக்கலாம். நிழலுக்கு அழைத்துச் சென்று, உடலை நனைத்து, சிறிது சிறிதாக நீர் கொடுக்க வேண்டும். பேச்சில் தடுமாற்றமோ குழப்பமோ தெரிந்தால், உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் வெப்பத்தாக்கமாக இருக்கக்கூடும். முதலுதவி அறைக்கு ஆள் அனுப்பிவிட்டு, காத்திருக்காமல் உடலைக் குளிர்ந்த நீரால் நனைக்கத் தொடங்க வேண்டும். நீர்ப் பூங்காவாக இருந்தால் அதற்கு நீரும் அருகிலேயே இருக்கும். சவாரிப் பூங்காவில் முதலுதவி அறை எங்கே என்பதை நுழைந்ததும் வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, கோடையின் பிற்பகல்களில் இடிமழை வரும் ஊர்களில் இருப்பவர்கள் வானிலையையும் ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இடி கேட்டால் நீரிலிருந்து எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடங்கள் கழியாமல் மீண்டும் இறங்கவிடக் கூடாது என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் விதி. உயரமான சவாரிகளையும் பலத்த காற்றிலும் மின்னலிலும் நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு மிஞ்சுவது கூரைக்குள் இருக்கும் சவாரிகள் மட்டுமே. நீர்ப் பூங்காவில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை, கலப்புப் பூங்காவில் சில இருக்கும். மழையால் மூடினால் பணத்தைத் திருப்பித் தருவார்களா, வேறொரு நாளுக்கு டிக்கெட்டை மாற்றித் தருவார்களா, எத்தனை மணி நேரம் மூடியிருந்தால் அந்தச் சலுகை கிடைக்கும் என்ற விவரங்கள் டிக்கெட்டின் நிபந்தனைகளில் இருக்கும்; அவற்றைப் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிட வேண்டும்.